கொல்லிமலையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அப்பாவுக்குப் பேச்சு குழறி, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. 108 வண்டியில் ஏற்றி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கீழே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். விரலில் குத்திப் பார்த்ததும் சர்க்கரை இறங்கியிருப்பது தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார்.

"என்ன சுகர் மாத்திரை சாப்பிடுறார்?" என்று டாக்டர் கேட்டார். எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. பதற்றத்தில் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டோம். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை என்றால் குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. எது என்று தெரியாததால் மணிக்கொரு தரம் குத்திப் பார்த்தார்கள். முதல் பஸ்ஸில் என் தம்பி மாத்திரை அட்டையோடு வந்தபோதுதான் விஷயம் தெளிவானது.

அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மாதாமாதம் வீடு தேடி வந்து மாத்திரை தரும் அக்கா அதைக் குறித்து வைத்திருந்தார். சிக்னல் இல்லாததால் அது மலையை விட்டு இறங்கவில்லை. பகலில் நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று போனில் ஏற்றுகிறார் அவர். மழையில் டவர் போனால் அதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் வாசலுக்கு மருந்தைக் கொண்டு வந்தது. அதற்கு மனதார நன்றி. மருந்து ஏறி வரும் இந்த மலையிலிருந்து விவரமும் இறங்க வேண்டும்.

எழுதும்போதே இணையம் கேட்காத செயலி வேண்டும். பதிவு முதலில் கருவியிலேயே தங்கட்டும். சிக்னல் கிடைக்கும்போது தானாகப் போகட்டும். இது புதிதல்ல. உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பஞ்சாபிலும் மகாராஷ்டிரத்திலும் பயன்படுத்திய 'சிம்பிள்' செயலி இப்படித்தான் வேலை செய்கிறது. கீழே டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினால் அதுவும் அக்காவின் கருவிக்கு வந்து சேர வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் ஒன்று மற்றொன்றை அழிக்கக் கூடாது. தேதியோடு இரண்டும் இருக்கட்டும், டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

அப்புறம், காகிதத்தைக் கைவிட வேண்டாம். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க 'ஆபா' எண் கையில் இருந்தாலும், பதிவு மேலேயே நின்றுவிட்டால் அந்த ராத்திரியில் அது வெறும் எண்தான். கர்ப்பிணிகள் கையில் தாய்-சேய் அட்டை இருப்பதுபோல், சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் மாத்திரையின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து மூன்றும் அச்சிட்ட அட்டை கொடுங்கள். மாத்திரை மாறும்போது அட்டையும் மாற வேண்டும். எச்.ஐ.வி., மனநோய் போன்றவற்றை அந்த நபரைக் கேட்காமல் அதில் எழுதக் கூடாது. சின்ன ஊரில் ஒரு அட்டையை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கருவி தொலைந்தாலும் யாரும் திறந்து படிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் இங்கே சோதித்துப் பாருங்கள். எந்த ஊரில் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று அந்த அக்காவைக் கேட்டால் வரைபடமே போட்டுத் தருவார்.

இப்படிக்கு,
கொல்லிமலையில் மிளகு விளைவிக்கும் ஒருவரின் மகள்