அடியா, மீட்டரா?

கண்ணு,

நீ அனுப்பின புராஜெக்ட் ரிப்போர்ட்டை ராத்திரி கடையை அடைச்சுட்டு உக்காந்து முழுசாப் படிச்சேன். படமெல்லாம் அழகா இருக்கு. நாலாம் பக்கத்துலதான் நின்னுட்டேன். தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு 5000 லிட்டர் இறைக்க 2.294 ஹெச்பி வேணும், அதனால 3 ஹெச்பி சோலார் மோட்டார்னு போட்டிருக்கீங்க. 26 வருஷமா காயில் கட்டுறவனுக்கு அது உறுத்துச்சு.

பில் புக் பின்னாடி போட்டுப் பார்த்தேன். கிணத்துல தண்ணி மட்டம் 200 அடி ஆழத்துல, டேங்க் 20 அடி உயரத்துல. ஆக 220 அடி, மீட்டர்ல 67. 5000 கிலோ தண்ணியை அவ்வளவு தூக்க 5000 x 9.8 x 67, சுமாரா 33 லட்சம் ஜூல். ஒரு யூனிட் கரண்ட்டே 36 லட்சம் ஜூல். நீங்க எடுத்த மாதிரி கரண்ட்ல 35 சதவீதம்தான் தண்ணி தூக்கத் தேறும்னு வச்சாலும் 2.6 யூனிட். அஞ்சு மணி நேர வெயிலுக்குப் பிரிச்சா 520 வாட். ஒரு ஹெச்பிங்கிறது 746 வாட். பைப்ல போற இழப்பைச் சேர்த்தாலும் 1 ஹெச்பி போதும்.

அப்புறம் 67-க்குப் பதிலா 220 போட்டேன். உங்க 2.294 அச்சு அசலா வந்துருச்சு.

அளந்தவன் ஒருத்தன், எக்ஸெல்ல ஏத்தினவன் இன்னொருத்தன். அவன் அடின்னான், இவன் மீட்டர்னு எடுத்துக்கிட்டான். 1999-ல நாசாவோட செவ்வாய் விண்கலம் தொலைஞ்சதும் இப்படித்தான். ஒரு குழு பவுண்டுல குடுத்த உந்துவிசைக் கணக்கை இன்னொரு குழு நியூட்டன்னு எடுத்துக்கிச்சு. 4.45 மடங்கு வித்தியாசம்.

பசங்களை விடு. எனக்கு வருத்தம் உன்மேலதான். படம் என் வேலை, கணக்கு அவன் வேலைன்னு இருந்துட்ட. கடையில 3 ஹெச்பி மோட்டாரைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்னு பார்த்து வளர்ந்தவ நீ. வரையறப்போ கை நிக்கலையா? கயித்துல கல்லைக் கட்டி விட்டு அளந்த 200 அடிக்கு மூணு தசமம் வேற!

1 ஹெச்பின்னு மாத்திட்டு விட்டுடாத. கடை வச்ச புதுசுல, ஐப்பசி மழையில பார்த்த மட்டத்தை நம்பி ஒருத்தருக்கு மோட்டார் குடுத்தேன். சித்திரையில தண்ணி இறங்கி, வெறுமனே ஓடி காயில் கருகிப்போச்சு. கைக்காசைப் போட்டுத் திரும்பக் கட்டிக் குடுத்தேன். உங்க கிணத்துல மட்டம் 300 அடிக்குப் போனா 1 ஹெச்பி விளிம்புல வந்து நிக்கும்.

தோட்டக்காரருக்கு நீயே போன் போடு. 200 அடிங்கிறது எந்த மாசம் பார்த்ததுன்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லு.

அப்பா