ஆண்டறிக்கை 2024: முட்டை, பால், மா, கயிறு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், உறுப்பினர்களுக்கும், முதல் தடவையாக எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சென்ற கூட்டக் குறிப்பு எல்லோர் கையிலும் இருக்கிறது. எனவே நான் நேரே இந்த வருடத்துக்கு வருகிறேன். இந்த வருடம் எங்களுக்குப் பகிடியாலும் பாட்டாலும் நிறைந்த வருடம். மனவருத்தமும் அவற்றால்தான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பெற்றோருக்காகச் சில வார்த்தை. நாங்கள் விளையாடுவது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். ரூன்ஸ்கேப் 2001 சனவரியில் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் 2007 ஆம் ஆண்டு வடிவம்தான் வேண்டும் என்று விளையாடுவோர் கேட்டதால் 2013இல் அதைத் தனியாகத் திறந்தார்கள். பழைய கணினியிலும் ஓடும், 2018இலிருந்து போனிலும் ஓடும். யாழ்ப்பாணத்தில் இத்தனை பேர் இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே முதல் காரணம். சண்டை இருக்கிறது, ஆனால் நேரத்தின் பெரும்பகுதி மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சமைப்பது என்று போகும். கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும், வாய் சும்மா இருக்கும். அப்போது கதை வரும், பகிடி வரும், பாட்டு வரும். நாற்று நடுகிற இடத்தில் பாட்டு வந்ததும் இப்படித்தானே.

எங்களுக்குள் புழங்கும் பகிடிகளில் மூத்தது 92. இது எங்களுடையது அல்ல, உலகம் முழுவதும் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் சொல்வது: "99இன் பாதி 92." ஒரு தொழிலில் உச்சமான 99ஆம் லெவலுக்குப் போக 13,034,431 புள்ளி வேண்டும். 92ஆம் லெவலுக்கு 6,517,253. ஏறக்குறைய ஏழு லெவலுக்கு ஒரு தடவை தேவை இரண்டு மடங்காகும், அதனால்தான் இந்தக் கணக்கு. எண்ணைப் பார்த்தால் கரை தொட்டுவிட்டதுபோல் இருக்கும், உண்மையில் நடுக்கடலில் நிற்போம். கூட்டத்துக்குப் பிந்துகிற ஒருவர் போனில் "கிட்ட வந்திட்டன்" என்றால், இங்கிருந்து "தொண்ணூற்றிரண்டோ?" என்று கேட்போம். இன்னும் பாதி வழியில், கோண்டாவிலில் நிற்கிறார் என்று பொருள்.

இன்னொன்று "முட்டை, பால், மா". விளையாட்டில் காலடி வைத்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையற்காரருக்கு உதவுவது. பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்கு அவருக்கு முட்டை, பால், மா மூன்றும் வேண்டும். அதனால் புதிதாக வருகிறவரிடம் "முட்டை, பால், மா கொண்டுவந்தீங்களோ?" என்று கேட்பது எங்கள் வழக்கம். பல வருடமாகக் கேட்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

மாசியில் ஒரு தங்கச்சி சேர்ந்தார். அப்போது அவர் விளையாட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை, தோழி சொல்லி வந்தவர். முதல் நாளே யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே கடதாசியில் சுற்றிய ஆறு முட்டை, ஒரு பெட்டி பால், ஒரு கிலோ கோதுமை மா. சங்கத்தில் சேருகிறவர்கள் தேநீருக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார். அன்று அந்தப் பையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா முட்டை ரொட்டி சுட்டுத் தந்தார். எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தலைவரும் நானும் அவர் வீட்டுக்குப் போய், தகப்பனாருக்கு முன்னால் போனில் விளையாட்டைத் திறந்து, அந்தச் சமையற்காரரைக் காட்டி விளக்கினோம். பகிடி விளங்கியதும் தங்கச்சியே சிரித்தார். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அன்று தொடங்கியதுதான் பகிடிக் கொப்பி. எங்களுக்குள் சொல்கிற ஒவ்வொரு பகிடியையும், அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள், யாருக்கு நோகக்கூடும் என்பதோடு எழுதி வைக்கிறோம். புதிதாக வருகிறவர் கையில் முதலில் அந்தக் கொப்பிதான் போகும். விளக்கினால் பகிடி செத்துவிடும் என்று நிர்வாக சபையில் ஒரு வாதம் வந்தது. நான் அதை ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. தெரிந்தவர்களுக்குள் மட்டும் சுற்றுகிற பகிடி, வெளியே நிற்கிறவருக்குப் பூட்டிய கதவு. கொப்பியைப் பொறுப்பெடுத்து எழுதுகிறவர் அந்தத் தங்கச்சியே. அவருடைய கையெழுத்தையும் பொறுமையையும் இந்தக் கூட்டம் பாராட்ட வேண்டும்.

கொப்பியில் ஒன்றைச் சேர்ப்பதற்கு விளையாட்டின் முறையையே எடுத்துக்கொண்டோம். அங்கே பெரிய மாற்றங்களை விளையாடுவோரின் வாக்குக்கு விடுவார்கள், 70 வீதம் கிடைத்தால்தான் உள்ளே வரும். முன்பு 75 ஆக இருந்தது. எங்களுக்கும் 70.

சரி, பாட்டுக்கு வருகிறேன். இதுவரை நாங்கள் கட்டிய மாற்றுப் பாட்டெல்லாம் சினிமா மெட்டில்தான். கேட்கிறவர் காதில் பழைய பாட்டும் புதுச் சொல்லும் ஒன்றாக ஓடும், அந்த இரண்டும் உரசுகிற இடத்தில்தான் சிரிப்பு. சித்திரையில் அப்படி ஒரு பாட்டு, எங்கள் தம்பி ஒருவரைப் பற்றிக் கட்டினோம். "உன் கவசத்துக்கு இலவசமாகக் கரை போட்டுத் தருகிறேன்" என்று ஒருவன் சொல்ல, தம்பி தன் ரூன் கவசத்தைக் கொடுத்துவிட்டார். அவன் மறைந்துவிட்டான். கரை போட்ட, அதாவது ஓரத்தில் அலங்காரம் வைத்த கவசம் புதையல் தேடினால்தான் கிடைக்கும், எந்த ஆட்டக்காரனாலும் போட்டுக் கொடுக்க முடியாது. மிகப் பழைய ஏமாற்று இது. பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாடி முடிந்தபோது தம்பியின் கண் கலங்கியிருந்தது. மாதக்கணக்கில் சேர்த்த பொருள் அது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: ஒரு ஆளைப் பற்றிய பாட்டை முதலில் அந்த ஆளுக்குத் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிட வேண்டும். இந்த விதிக்கு வாக்கெடுப்பு வைக்கவில்லை.

ஆனியில் நடந்ததை விரிவாகச் சொல்ல ஆசை. விளையாட்டில் போர்ட் சரிம் என்ற துறைமுகத்துக்குள் போனால் ஒரு மாலுமி மெட்டு கேட்கும். சொல் கிடையாது, வெறும் மெட்டு. அதற்குத் தமிழில் சொல் போடலாம் என்று ஒருவர் தொடங்கினார். சொற்கள் ஓடிப் பிடிக்க முடியாமல் தடுக்கின. அப்போது இன்னொரு உறுப்பினர், "எங்கடை அம்மப்பா கரைவலை இழுத்தவர், அம்பா பாடுவார்" என்றார். அம்பா என்பது கரையில் நின்று வலை இழுப்போர் பாடும் பாட்டு. வடமராட்சி கிழக்கிலிருந்து அந்த ஐயாவை அழைத்துவந்தோம்.

ஐயா முதலில் பாடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கரம்ஜாத் தீவில் சிங்கி இறால் பிடித்துக்கொண்டிருந்தார், அதற்கு மீன்பிடி லெவல் 40 வேண்டும். திரையில் ஆள் கூட்டைத் தண்ணீரில் வைத்தான், உடனே எடுத்தான், இறால் வந்தது. ஐயா குனிந்து கிட்டப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, வைச்ச கையோடை எடுக்கிறான். கயிறு எங்கை?"

இத்தனை வருடம் ஆடியும் அந்தக் கயிற்றைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து, ஏதாவது கஷ்டமில்லாமல் கிடைத்தால் "கயிறு எங்கை?" என்று கேட்கிறோம். கொப்பியில் முழு வாக்கோடு ஏறிய ஒரே பகிடி இதுதான். ஐயாவிடமும் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே ஏற்றினோம்.

பிறகு ஐயா பாடினார். முன்னே ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "ஏலேலோ" போட்டு இழுக்க வேண்டும். நாங்கள் போட்ட வேகத்தைக் கையால் நிறுத்தினார். "இழுக்கிறவன் மூச்சு விடவேணும். மூச்சு விடுற இடத்திலைதான் பாட்டு இருக்கு." கீபோர்டில் துறைமுக மெட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்து வாசித்தோம். சொல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தொண்ணூத்தி ரண்டு வந்ததடா — ஏலேலோ
துறையின்ரை வெளிச்சம் தெரியுதடா — ஏலேலோ
பாதி வலைதான் கையிலடா — ஏலேலோ
மீதி வலையோ கடலிலடா — ஏலேலோ

அம்பா தெரியாத பிள்ளைகளுக்கு இது மாற்றுப் பாட்டு என்றே விளங்காது. ஆகவே முதலில் ஐயாவின் பாட்டு, பிறகு எங்களுடையது என்று ஒழுங்கு வைத்தோம். பல கரைகளில் வலையை இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. அதற்கு அம்பா தேவையில்லை. ஐயாவின் பாட்டை முழுதாக ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம். இந்த வருடத்தில் நாங்கள் செய்த வேலைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

விளையாட்டுக்குள்ளேயும் பாடினோம். அங்கே தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், ஒரு வரிக்கு 80 எழுத்துத்தான். அதனால் ஒவ்வொரு வரியையும் அளந்து வெட்டினோம். முன்னால் 'வேவ்' என்று போட்டால் சொற்கள் தலைக்கு மேலே அலைபோல ஆடும். துறைமுகத்தில் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராக "ஏலேலோ" அனுப்பினோம். இங்கிருந்து தொடர்பு சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும், ஒருவருடைய ஏலேலோ மற்றவருடையதற்கு முந்தியும் பிந்தியும் வந்தது. அதுவே வலை இழுப்பதுபோல் இருந்தது.

மற்ற விடயங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வழக்கம்போல் எங்கள் சங்கக் கூட்டம் நடக்கவில்லை. நவம்பர் கடைசி மழையில் உயர்தரப் பரீட்சையே தள்ளிப்போனது, நாங்களும் அந்த வாரம் கூடவில்லை. வெள்ளம் வந்த வீடுகளுக்குப் போய்ப் பொருட்களை ஏற்றி வைக்க உதவிய உறுப்பினர்களுக்கு நன்றி. மேசையும் மின்சாரமும் தந்து, ஒரு சதமும் வாங்காத மாடி வீட்டுக்காரருக்கும், பிளேன்ரீயும் றோல்ஸும் அனுப்பிய தாய்மாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு பிரேரணை. விளையாட்டில் கப்பலோட்டம் என்ற புதுத் தொழில் வரப்போகிறது. அதுவே ஒரு காலத்தில் ஏப்ரல் முதலாம் தேதிப் பகிடியாகத்தான் இருந்தது. 2015இல் வாக்கெடுப்பில் தோற்றது, 2023இல் வென்றது, இந்த 2024இல் உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது வருகிற நாளில் எங்கள் அம்பா முழுதாகத் தயாராக இருக்க வேண்டும். அதற்காகப் பங்குனியில் எல்லோரும் ஐயாவின் கரைக்கே போய், கயிற்றைக் கையால் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பழகலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐயா சம்மதித்துவிட்டார். விடியப்புறம் ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமாம். வான் பிடிப்பதா, முதல் நாளே பஸ்ஸில் போய்த் தங்குவதா என்பதை இன்றே முடிவு செய்து தாருங்கள்.

செயலாளர்
யாழ்ப்பாணம்