நம் தொல்லியல் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். விதிப்படி இந்த அறிக்கையைப் பொதுக்குழுவில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்பது தெரிந்த கதைதான், அதனால் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறேன். அப்புறம் யாரும் "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று வரக்கூடாது.

இந்த ஆண்டு முழுக்கப் பண்டைய மெக்சிகோவும் மாயா நாடும்தான் என்று சென்ற பொதுக்குழுவில் கைதூக்கி முடிவெடுத்தோம். தூக்கிய கைகளில் பாதியை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மெக்சிகோவின் மிகப் பழைய நாகரிகங்களில் ஒன்றான ஓல்மெக்கின் பெரிய கல் தலைகள் பற்றி ஒன்று. மெக்சிகோவின் பழைய பெருநகரம் தியோதிவாக்கான் பற்றி ஒன்று; 2003 மழையில் இறகுப்பாம்புக் கோயில் முன்னால் தரை உள்வாங்கி, அதன் கீழே ஒரு சுரங்கம் இருப்பது தெரியவந்த கதையை எல்லோரும் ரசித்தார்கள். காட்டுக்கு மேலே பறந்தபடி லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் பற்றி ஒன்று. டிசம்பர் கூட்டம் மண்டபம் கிடைக்காததால் ரத்து.

கூட்டம் அலைமோதியது மாயா நகரமான பலெங்கே பற்றிப் பேசிய அன்று மட்டும். காரணம் தெரியும்தானே, அழைப்பிதழில் அந்நகர மன்னர் பகாலின் கல்லறை மூடிப் படத்தைப் போட்டிருந்தோம். அதில் செதுக்கியிருப்பது ராக்கெட்டில் போகும் வேற்றுக்கிரகவாசி என்று ஒரு கதை உலவுகிறது. அவரைப் பார்க்கப் புதுமுகங்கள் நிறைய வந்தார்கள். தொல்லியலாளர் ஆல்பர்ட்டோ ரூஸ் கல்லறைக்கு மேலிருக்கும் கோயிலின் தளத்துக் கல்லில் அடைப்பு வைத்த துளைகளைக் கவனித்ததையும், இடிபாடு கொட்டி நிரப்பிய படிக்கட்டைப் பருவம் பருவமாகத் தோண்டி 1952 ஜூனில் கல்லறையை அடைந்ததையும் சொன்னேன். பகால் பிறந்தது 603இல், பன்னிரண்டு வயதில் அரியணை, இறந்தது 683இல். எல்லாம் மாயா எழுத்திலேயே தேதியோடு இருக்கிறது. ராக்கெட் என்கிறார்களே, அது மாயா நம்பிக்கையில் வானையும் பூமியையும் பாதாளத்தையும் இணைக்கும் உலக மரம். அதே மரம் பக்கத்திலுள்ள சிலுவைக் கோயிலின் புடைப்புப் பலகையிலும் உச்சியில் பறவையோடு நிற்கிறது, அங்கே ஓட்டுநர் யாரும் இல்லை. இதைச் சொன்னதும் முகங்கள் வாடிவிட்டன. டீக்குப் பிறகு போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்த கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் நம் மயனும் அவர்கள் மாயாவும் ஒன்றே என்று முக்கால்வாசி நேரத்தை எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாயா மக்கள் எங்கும் மறைந்துபோகவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் யுகாத்தானிலும் சியாப்பாஸிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள், ஏறக்குறைய 30 மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். அவர்கள் பாட்டன் கட்டிய வீட்டுக்கு நாம் ஏன் பட்டா கேட்க வேண்டும்?

இனி மாதிரிக் கோயில் விஷயம். இதைப் பற்றி எனக்குத் தெரியாமல் நிறையப் பேசப்பட்டிருப்பதாகக் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு மெக்சிகோ நகரில் அஸ்டெக்குகள் கட்டிய பெருங்கோயிலை, அதாவது டெம்ப்ளோ மயோரை, அடுக்கடுக்காகக் கழற்றும்படி தெர்மாகோலில் செய்வது என்று செயற்குழுதான் முடிவு செய்தது. செய்தது நான். 1978 பிப்ரவரியில் மின்சாரத் தொழிலாளர்கள் குழி வெட்டும்போது 3.25 மீட்டர் அகல வட்டக்கல் தட்டுப்பட்டதும், எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் அகழாய்வு தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். 1521இல் ஸ்பானியர்கள் இடித்தது மேல் அடுக்கை. அதற்குள்ளே பழைய கோயில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக டிபன் கேரியர் மாதிரி பத்திரமாக இருந்தன. 1390 வாக்கிலான இரண்டாம் கட்டத்தில் உச்சிச் சந்நிதிகள்கூடத் தப்பின: மழைத்தெய்வம் த்லாலோக் பக்கம் வயிற்றில் கிண்ணம் ஏந்திச் சாய்ந்திருக்கும் சாக்மூல் சிலை, நிறம்கூட மிச்சமிருக்கிறது, போர்த்தெய்வம் விட்ஸிலோபோச்ட்லி பக்கம் கருங்கல் பலிக்கல். முதல் கட்டம் நிலத்தடி நீரில் கிடப்பதால் மாதிரியில் அதற்கு வெறும் கறுப்பு அட்டை வைத்தேன். "முடிக்காமல் விட்டுவிட்டார்" என்றவர்கள் கவனிக்க.

வட்டக்கல்லைச் சோப்புக்கட்டியில் செதுக்கினேன். அதில் இருப்பது, அஸ்டெக் புராணத்தில் தம்பி விட்ஸிலோபோச்ட்லியால் வெட்டி மலையிலிருந்து உருட்டிவிடப்பட்ட பெண் தெய்வம் கொயோல்ஷாவ்கி. கன்னத்தில் மணி, இடுப்பில் மண்டையோட்டோடு பாம்புக் கச்சை, முட்டியிலும் முழங்கையிலும் பல் நீட்டிய முகங்கள். அந்த முழங்கை முகம் மட்டும் எத்தனை ராத்திரியைத் தின்றது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

கண்காட்சியன்று தூக்க வருகிறோம் என்றவர்கள் யாரும் வரவில்லை. நான், பொருளாளர், ஆட்டோக்காரர், மூன்றே பேர். ஆண்டு முழுக்க வந்த கேள்விகளில் உருப்படியான ஒன்றை ஆட்டோக்காரர்தான் கேட்டார்: "பழசை இடிக்காம அதுக்கு மேலயே ஏன் சார் கட்டினாங்க?" இடம் புனிதம், மன்னருக்கு மன்னர் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், அந்த நகரம் நின்ற ஏரி மண்ணோ எடை தாங்காமல் அமுங்கிக்கொண்டே இருக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம்.

பலியானவர்களின் தலைகளைக் கோத்து வைத்த மண்டையோட்டுச் சட்டகத்தை மாதிரியில் வைக்கக்கூடாது, பிள்ளைகள் பயப்படும் என்று செயற்குழுவில் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நரபலி ஸ்பானியர் கட்டிய கதை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015 முதல் பெருங்கோயில் அருகே அந்தச் சட்டகம் இருந்த இடத்தில் 600க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்துள்ளன, பெண்கள் குழந்தைகள் உட்பட. அதற்காக 1487 குடமுழுக்கில் 80,400 பேர் பலி என்ற பழைய கணக்கையும் நம்பச் சொல்லவில்லை. இரண்டையும் பலகையில் எழுதி வைத்தேன். எந்தப் பிள்ளையும் அழவில்லை.

வரவு செலவு: வரவும் செலவும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. மண்டப வாடகை, டீ, அச்சு போக மிச்சம் சொற்பம். தெர்மாகோல், ஃபெவிகால், பெயின்ட் செலவு இந்தக் கணக்கில் இல்லை, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை. விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரைப் போடலாமா என்று யோசித்து, நாகரிகம் கருதி விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு பாக்கி வைத்துக்கொண்டு இலவச நாட்காட்டி வரவில்லை என்று போன் செய்தவருக்கு அது தன்னைத்தான் என்று புரியும்.

தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், பள்ளி நிர்வாகத்துக்கும், டீக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் பெரு நாடு என்று ஒரு யோசனை: தொல்லியலாளர் ரூத் ஷாடி அகழ்ந்த பழைய நகரம் காரால், இன்காக்களின் முடிச்சுக் கயிறான கிப்பு. யார் நடத்துவார்கள் என்பதுதான் கேள்வி. எனக்கும் வயதாகிறது, இந்தப் பதவியை யாராவது மனமுவந்து எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன், நிஜமாகவே. யாரும் வராவிட்டால், சரி, பார்ப்போம். ஆனால் பெருங்கோயில் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது, தீபாவளிக்குள் அதை எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு. அதற்கு ஒரு கண்ணாடி அலமாரி வாங்க வேண்டும், அலமாரிக்குப் பணம் வேண்டும்.

பொதுக்குழுவன்று பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். டீ உள்ளே.