வீட்டுத்தோட்டச் சங்கம், மினசோட்டா: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஏப்ரலில் நாற்றுகளைப் பகிர்ந்துகொண்டு மே கடைசியில் நட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய காரியம், நம் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், விவசாயக் கண்காட்சியில் காய்கறிப் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இத்தனை வருடமும் ராட்டினம் சுற்றி, சோளக்கதிர் தின்றுவிட்டு வீடு திரும்பினோம். ஆனால் இந்தக் கண்காட்சிகள் பிறந்தது வேறு காரணத்துக்காக. 1807இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் எல்கனா வாட்சன் என்பவர் மெரினோ என்ற நல்ல கம்பளி தரும் இனத்து ஆடுகள் இரண்டை ஊர்ப் பொதுவெளியில் காட்சிக்கு வைத்தார். சுற்றுவட்டார விவசாயிகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். நல்ல விளைச்சலை அருகருகே வைத்து ஒப்பிட்டால் நல்ல விதையும் நல்ல இனமும் தானே பரவும் என்பது அவர் கண்ட வழி. நியூயார்க் மாநிலம் 1841இல் சிரக்யூஸில் மாநிலக் கண்காட்சி நடத்தியது. நம் மினசோட்டாவில் 1859இல், மாநிலமான மறு ஆண்டே தொடங்கிவிட்டார்கள்.

நாம் வைத்தது வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய். தட்டுக்கு ஐந்து காய் என்பது விதி. ஒரு தட்டில், கொசுறு போடுகிற நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மிளகாய் போய்விட்டது. அந்தத் தட்டை மதிப்பிடாமலே ஒதுக்கிவிட்டார்கள். விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்காதது செயலாளரான என் தவறு. அந்த உறுப்பினரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடுவராக வந்த அம்மையார் கத்தரியின் காம்பைத் தொட்டுப் பார்த்து, தோலை அழுத்திப் பார்த்து, பிறகு வெண்டை ஒன்றின் நுனியை ஒடித்தார். ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சந்தையிலயும் இப்படித்தானேப்பா ஒடிச்சுப் பாப்போம்!" என்றார். கத்தரிக்குச் சிவப்பு நாடா, அதாவது இரண்டாம் பரிசு. வெண்டைக்கு வெள்ளை நாடா, மூன்றாம் பரிசு. "காம்புகளை ஒரே அளவில் நறுக்கியிருக்கலாம்" என்று வெண்டைச் சீட்டில் குறிப்பு.

ஆகஸ்ட் கடைசியில் ஃபால்கன் ஹைட்ஸுக்கு, மாநிலக் கண்காட்சிக்குப் போனோம். 12 நாளில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த கூட்டம் அது. 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் முகம் செதுக்குவதைக் குளிரறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஆனால் பிள்ளைகள் நகர மறுத்தது விதை ஓவியங்களின் முன்னால்தான். மினசோட்டாவில் பயிராகும் விதைகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்தவை. எந்த நிறம் எந்த விதை என்று ஓரத்தில் மாதிரி ஒட்டிப் பெயரும் எழுதியிருக்கும். கோலம் போடப் பழகிய கைகளுக்கு இது நிச்சயம் வரும்.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். போட்டி விதிகளை மார்ச் மாதத்துக்குள் தமிழில் எழுதிச் சுற்றுக்கு விட ஒரு குழு. அடுத்த ஆண்டு பிள்ளைகள் பெயரில் ஒரு விதை ஓவியம்.

நடுவர் எழுதிய சீட்டுகளைப் பின்மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்