ஆடிட்டருக்குப் போன மெயில் எதிராளி கைக்கும் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்றுமதி ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் பிரிவை, அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்கள் முன் தீர்த்துக்கொள்ளும் பிரிவை, எப்படி எழுதுவது என்று தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. எந்த ஊரில் விசாரணை, எந்த நாட்டுச் சட்டம், எத்தனை நடுவர்கள் என்பதெல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் தகராறு முளைத்தபின் நம்மிடம் உள்ள காகிதங்களில் எதை எதிராளி கேட்டு வாங்கலாம், எதைத் தர முடியாது என்று நாம் மறுக்கலாம் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டத் தொழிலில் பிரிவிலேஜ் என்று சொல்கிறோமே, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான அந்த ரகசியப் பாதுகாப்பைத்தான் சொல்கிறேன்.

நம் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்குப் போன ஜவ்வரிசி கன்டெய்னரில் ஈரம் அதிகம், பணம் தர மாட்டோம் என்று ஒரு மெயில் வருகிறது. முதலாளி அதை முதலில் அனுப்புவது ஆடிட்டருக்கு. அடுத்து மில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மேனேஜர் அதே குழுவில், "மழை நாள்ல லோடு ஏத்தினோம், நம்ம தப்புதான். லேப் ரிப்போர்ட்டைச் சரி பண்ணிடலாம்" என்று பதில் எழுதுகிறார். வக்கீலின் நினைவு வருவதற்குப் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளில் எழுதப்பட்ட எதற்கும் பாதுகாப்பு கிடையாது. "சரி பண்ணிடலாம்" என்றால் எழுத்துப் பிழையைத் திருத்துவது என்று நமக்குத் தெரியும். எதிராளி அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் அதை அறிக்கையில் கைவைப்பது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், வழக்கின் பாதி நேரம் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்வதிலேயே போய்விடும்.

இந்தியச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு முன்பு 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132, 133, 134ஆம் பிரிவுகளில் இருக்கிறது. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் எதையும் வெளியிடக் கூடாது. வக்கீலின் குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கும் இது பொருந்தும். சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கும், வக்கீலை அமர்த்தியபின் நடந்த குற்றம், மோசடி பற்றி அவர் கவனித்ததற்கும் பாதுகாப்பு இல்லை. 134இல் ஒரு கண்ணி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. முதலாளியே சாட்சிக் கூண்டில் ஏறினால், அவர் சொன்ன சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கு, வக்கீலிடம் பேசியதையும் சொல்லும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம்.

ஆடிட்டர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் எவ்வளவு சட்டம் தெரிந்தவராக இருந்தாலும் இல்லை. இங்கிலாந்திலும் இதே நிலைதான். கணக்காளர் தரும் வரிச் சட்ட ஆலோசனைக்குக்கூட வக்கீல் பாதுகாப்பு கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் புருடென்ஷியல் வழக்கில் 2013இல் சொல்லிவிட்டது.

கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரியின் நிலை இன்னும் சிக்கலானது. நம் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று, வக்கீல்களுக்குப் புலனாய்வு அமைப்புகள் சம்மன் அனுப்புவது பற்றித் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், சம்பள சட்ட அதிகாரிக்கு 132ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. கம்பெனியின் வெளி வக்கீலுக்கு அவர் எழுதுவதற்கு 134இன்படி பாதுகாப்பு உண்டு. முதலாளிக்கும் அவருக்கும் இடையிலான கடிதங்களுக்கு இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சம்பள வக்கீலுக்கும் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் இல்லை, அக்ஸோ நோபல் வழக்கில் 2010இல் அப்படி முடிவானது. சிங்கப்பூரின் சாட்சியச் சட்டமும் நம் 1872 சட்டமும் ஒரே வேரில் வந்தவை. ஆனால் அவர்கள் 2012இல் 128ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துச் சம்பள வக்கீலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நாம் 2023இல் சட்டத்தையே புதிதாக எழுதியும் அதைச் செய்யவில்லை. தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், சட்டத்தின் வாசகம் அப்படி. வாய்ப்பைத் தவறவிட்டது நாடாளுமன்றம்.

ஆக, அதே ஜவ்வரிசித் தகராறில் சிங்கப்பூர் வாங்குபவரின் சட்ட மேலாளர் எழுதியது பத்திரமாக இருக்க, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் நம் சட்ட மேலாளர் எழுதியது மேசைக்கு வரலாம். வரத்தான் வேண்டுமா? ஆர்பிட்ரேஷனில் அதற்குக் கட்டாய விடை இல்லை. நம் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நடுவர் மன்றத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்கிறது. லண்டன் விசாரணை என்றால், நீதிமன்றத்தில் தர வேண்டியிராத ஆவணத்தைத் தரும்படி ஒரு சாட்சியை நிர்பந்திக்க முடியாது என்று இங்கிலாந்தின் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 43ஆம் பிரிவு சொல்கிறது. மற்றபடி, நடுவர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் சாட்சிய விதிகளை. ஐபிஏ விதிகள் என்பார்கள், இப்போது நடப்பில் உள்ளது 2020 பதிப்பு. அதன் 9.4ஆம் விதி ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு உயிர்நாடி. ஒன்று, இரு தரப்புக்கும் சமநீதி: அவருடைய சம்பள வக்கீலுக்குத் தரும் பாதுகாப்பை எங்களுக்கும் தாருங்கள் என்று இதை வைத்துத்தான் கேட்க வேண்டும். மற்றொன்று, அந்தக் கடிதம் எழுதப்பட்ட நேரத்தில் இரு தரப்பும் அவர்களின் வக்கீல்களும் எதை எதிர்பார்த்தார்கள் என்பது. அதனால்தான் மூன்று மாதம் கழித்துப் பழைய மெயில்களின் மேல் "ரகசியம்" என்று முத்திரை குத்துவது உதவாது.

இனி, புகார் மெயில் வந்த நாளிலேயே செய்ய வேண்டியவை. முதல் கடிதம் வக்கீலுக்குப் போக வேண்டும். அவர் தேதியிட்டு, இன்ன தகராறில் ஆலோசனைக்காகவும் வரக்கூடிய ஆர்பிட்ரேஷனுக்காகவும் அமர்த்தப்பட்டுள்ளார் என்று ஒரு பக்க அமர்த்தல் கடிதம் வாங்கி வையுங்கள். நடவடிக்கை எப்போது எதிர்பார்க்கப்பட்டது என்று பின்னால் யாராவது கேட்டால் காட்ட அந்தத் தாள்தான் உதவும்.

வக்கீலிடம் பேச இரண்டு பேரை மட்டும் இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு நியமிப்பது நல்லது. காரணம், இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் திரீ ரிவர்ஸ் வழக்கில் "கட்சிக்காரர்" என்பதை மிகக் குறுக்கிவிட்டது. சட்ட ஆலோசனை கேட்டுப் பெற அதிகாரம் பெற்றவர்கள்தான் கட்சிக்காரர், மற்ற ஊழியர்கள் வெறும் மூன்றாம் நபர்கள். குடோன் சூப்பர்வைசர் நேராக வக்கீலுக்கு எழுதிய குறிப்புக்கு ஆலோசனைப் பாதுகாப்பு கிடைக்காது. வழக்கு எதிர்நோக்கப்பட்டு, அதற்கென்றே எழுதப்பட்டது என்றால்தான் தப்பும். அமெரிக்கா இதில் தாராளம், 1981 அப்ஜான் தீர்ப்பு கீழ்மட்ட ஊழியர் வரை பாதுகாப்பைக் கொண்டுபோனது. எந்த ஊரில் விசாரணை என்று முன்கூட்டித் தெரியாதபோது குறுகலான விதிக்கு ஏற்ப நடந்துகொள்வதே பத்திரம்.

மறுசோதனை அறிக்கையில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். லேபுக்கு ஆர்டர் மில்லிலிருந்து போனால் அது சாதாரண வணிக ஆவணம். வக்கீல் எழுத்துமூலம் கேட்டு, அறிக்கை வக்கீல் பெயருக்கே வந்தால் வாதிட இடம் உண்டு. அப்போதும் வழக்குக்காக என்பது முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். 1979இல் இங்கிலாந்தில் வா (Waugh) என்பவரின் வழக்கில், ரயில் விபத்துக்குப் பின் பிரிட்டிஷ் ரயில்வே தயாரித்த அறிக்கைக்கு, இனி விபத்து நேராமல் தடுப்பது, வழக்கு என்று இரண்டு நோக்கங்களும் சமமாக இருந்தன. அதனால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. எனவே "இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்" என்ற ஆய்வும், வழக்குக்கான ஆய்வும் ஒரே அறிக்கையில் கலக்கக் கூடாது. லோடு ஏற்றிய நாளில் எழுதிய ஈரப்பதப் பதிவேட்டை வக்கீலிடம் கொடுத்து வைத்தாலும் அது ரகசியமாகிவிடாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தும் க்யூரிங் வொர்க்ஸ் தந்த தர அறிக்கை எப்போதும் கேட்டால் கொடுக்க வேண்டிய காகிதம்தான்.

வக்கீலுக்கு ஒரு நகல் போட்டால் மெயில் பாதுகாக்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆகாது. வக்கீல் தந்த கருத்துரையை வங்கி மேலாளருக்கோ, வெளிநாட்டு ஏஜெண்டுக்கோ "பாருங்க, கேஸ் நமக்கு பலமா இருக்கு" என்று அனுப்பினால் பாதுகாப்பைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. ஆடிட்டரிடம் எண்கள் தேவைப்பட்டால் எண்களை மட்டும் கேளுங்கள், வக்கீலின் தாளைக் காட்டாதீர்கள். இயக்குநர் குழுக் குறிப்பில் சட்ட ஆலோசனையைத் தனிப் பக்கத்தில் எழுதினால், பின்னால் அந்தப் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்க முடியும். தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலை வக்கீல் அலுவலகம் வழியாகவே நடக்கட்டும்.

எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதியை அன்றே நிறுத்துங்கள். கேட்ட ஆவணத்தைத் தக்க காரணமின்றித் தராவிட்டால், அது நமக்குப் பாதகமானது என்றே நடுவர்கள் அனுமானிக்க ஐபிஏ விதி 9.6 இடம் தருகிறது. "தப்புதான்" என்ற செய்தியை விளக்கிவிடலாம், அழித்ததை விளக்குவது கடினம்.

சமரசக் கடிதத்துக்கான பாதுகாப்பு வேறு வகை. "உரிமைகளுக்குப் பாதிப்பின்றி" (without prejudice) என்று மேலே போட்டுவிட்டுப் பணம் கேட்டு நினைவூட்டல் எழுதினால் பயனில்லை. உள்ளே உண்மையிலேயே சமரசப் பேச்சு இருக்க வேண்டும்.

ஆவணக் கோரிக்கைகள் ரெட்ஃபெர்ன் அட்டவணை என்ற படிவத்தில் வரும்: கேட்கும் ஆவணம், ஏன் வேண்டும், ஆட்சேபம், அதற்குப் பதில், நடுவர் முடிவு. "ரகசியம்" என்று ஒற்றைச் சொல்லில் ஆட்சேபித்தால் தள்ளுபடியாகும். தேதி, எழுதியவர், பெற்றவர், எந்த வகைக் காகிதம், எந்தக் காரணத்தால் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும், ஆனால் காகிதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் சொல்லிவிடக் கூடாது. தவறிப்போய்க் கொடுத்துவிட்ட காகிதத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை நடுவர்கள் போடும் முதல் நடைமுறை உத்தரவிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நாடாளுமன்றம் திருத்தும் வரை காத்திருக்காமல், புதிய ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷன் பிரிவுக்குக் கீழே ஒரு வாக்கியம் சேர்க்கும்படி ஏற்றுமதியாளர் சங்கங்கள் தம் மாதிரி வடிவங்களைத் திருத்தலாம்: "இரு தரப்பின் வெளி வக்கீல்கள், சம்பள வக்கீல்கள் ஆகியோருடனான ரகசியத் தொடர்புகளுக்கு, எந்தத் தரப்பின் நாட்டுச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு தருகிறதோ அதே பாதுகாப்பு இரு தரப்புக்கும் உண்டு." வாங்குபவர் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. அவருடைய சட்ட மேலாளருக்கும் அது தேவைப்படும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.