ஏரிக்கரைப் பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

உங்களுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. பேரனை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நேரில் சொல்லத்தான் இரண்டு முறை வந்தேன். வாசலிலேயே வேறு என்னவோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் அன்று சொன்னது என்னைப் போன்ற மற்ற பிள்ளைகளின் காதிலும் விழ வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்கழிக் காலை. நம் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு அப்பாவை வீட்டு கேட் வரை கொண்டுவந்து விட்டீர்கள். அவர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "பாப்பா, அப்பா இப்பல்லாம் பேச்சுக் கொடுத்தா நின்னுடறாரு. நடந்துக்கிட்டே பேச மாட்டேங்கிறாரு. என்னன்னு பாரும்மா."

"74 வயசாச்சு பெரியப்பா, முட்டி வலி" என்றேன். ஆபீஸ் வண்டி வந்து நின்றிருந்தது. ஓடிவிட்டேன்.

அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எத்தனையோ. உங்கள் இருவருக்கும் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து பை-டூ கொடுக்கும் கடைக்காரரே, "முன்ன ஏழு மணிக்கு டாண்ணு வருவாங்க, இப்ப ஏழரை ஆகுது" என்று சொல்லியிருந்தார். ஹாலில் அப்பாவின் செருப்பு தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. சமையலறையிலிருந்து திரும்ப ஏழெட்டு சின்னச் சின்ன எட்டு வைத்தார். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தோம், தைலம் வாங்கினோம். முதலில் காட்டிய டாக்டரும் வயசு என்றுதான் சொன்னார். மறதி வெளியே தெரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டினார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

நரம்பியல் மருத்துவர் முதலில் தேதி, கிழமை எதையும் கேட்கவில்லை. "ஐயா, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். வந்தார். "இப்ப நூறுலேர்ந்து ஒவ்வொண்ணா குறைச்சு எண்ணிக்கிட்டே நடங்க" என்றார். அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்தவர், முடியளவு வித்தியாசத்தைக்கூட விடாமல் கணக்குப் போட்டவர். 97 வரை நடந்துகொண்டே எண்ணினார். அங்கே கால் நின்றது. நின்றபடியே 96 என்றார். பிறகு ஓர் எட்டு எடுத்து வைத்தார்.

அந்த நிமிடம் உங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது, பெரியப்பா.

நீங்கள் ஏரிக்கரையில் பார்த்ததை ஸ்வீடனில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1997-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 58 பேரில் 12 பேர் பேசுவதற்காக நின்றார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். அது விழுவதைப் பற்றிய ஆய்வு. ஆனால் 2017-இல் கனடாவில், லேசான மறதி இருந்த 112 பேரை நடந்துகொண்டே எண்ணச் சொல்லியும் விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொல்லியும் பார்த்தபோது, அப்படிச் செய்கையில் எவர் நடை அதிகமாகத் தளர்ந்ததோ அவர்களே பின்னாளில் டிமென்ஷியா என்ற முற்றிய மறதி நோய்க்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

நடப்பது கால் செய்யும் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கே போகிறோம், அடுத்த எட்டு எங்கே, எதிரே வரும் நாயை எப்படி ஒதுங்குவது என்று மூளையின் முன்பகுதியும் சிறுமூளையும் இன்னும் பல பகுதிகளும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. இளம் வயதில் இது தானாக ஓடுகிறது, மிச்சமிருக்கும் கவனத்தில் அரட்டை அடிக்கிறோம். அந்தப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நைந்தால் நடைக்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது. பேச்சு வந்தால் இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். அப்பா நடையை விட்டார். அவருடைய எம்.ஆர்.ஐ. படத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. பல வருட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்த தடம் அது.

நினைவைப் பதித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதிக்கும் நடைக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 175 பேரின் நடையை 14 ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். நடை வேகமாகத் தளர்ந்தவர்களுக்கு வலப்பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தது. நடை மெதுவாவதும், "எனக்கு மறக்குதுப்பா" என்று அவர்களே சொல்வதும் சேர்ந்து வந்தால் அதை முன்னறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்று ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 2013-இல் அதற்குத் தனிப் பெயரே வைத்தார். நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலும் அவர் குழு முதியவர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறது.

மெதுவாக நடக்கிற எல்லோருக்கும் மூளையில் கோளாறு என்று இதைப் படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது. மூட்டுத் தேய்மானம், கண் புரை, பி12 குறைவு, தூக்க மாத்திரை எல்லாமே நடையைக் கெடுக்கும். சரிசெய்யக்கூடிய ஒரு மூளைக் காரணமும் உண்டு. மூளைக்குள் இருக்கும் நீர் தேங்கி அறைகள் வீங்கிவிடும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் வரும். 1965-இலேயே ஹக்கீம், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் இதை விவரித்துவிட்டார்கள். குழாய் வைத்து நீரை வடித்தால் பலருக்கு நடை திரும்புகிறது. அப்பாவுக்கு அது இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் இன்னொரு வீட்டில் அதுவாக இருந்து, அவர்களும் என்னைப் போல் "வயசாச்சு" என்று விட்டுவிட்டால்? அந்த எண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் எழுதவைக்கிறது.

நீங்கள் அப்பாவை இத்தனை வருடம் தினமும் இழுத்துக்கொண்டு போனதற்கும் நன்றி சொல்ல வேண்டும். டிமென்ஷியா இல்லாத முதியவர்கள் 120 பேரை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தவர்களுக்கு ஒரே வருடத்தில் அந்த ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. அப்பாவுக்கு இப்போது என்ன கூடும், என்ன குறையும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நடையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ரத்த அழுத்த மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

2009-இல் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைத் திறந்த நாளில் கூட்டத்தில் அப்பாவைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனது நீங்கள்தானாம். 18 வருடம் மூடிக் கிடந்த சிலை என்று இன்றும் சரியாகச் சொல்கிறார். நேற்று சாப்பிட்டது நினைவில்லை.

திங்கட்கிழமை முதல் மறுபடியும் அவரைக் கூட்டிப்போக முடியுமா? முழுச் சுற்று வேண்டாம். சிலை வரை போய்த் திரும்பினால் போதும். ரோடு தாண்டும்போது மட்டும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். பேசணும்போல இருந்தால் தமிழ்ச் சங்கத்து வாசலில் நிற்கவைத்துப் பேசுங்கள். ஒட்டுப் பட்டை வைத்த புது ஷூ வாங்கியிருக்கிறேன். நீங்கள் வருவீர்கள் என்று நான் சொன்னதிலிருந்து ஐந்தரைக்கே அதைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்.

உங்கள் பாப்பா