ஊசிக்குச் செலவழியும், உறைக்கு வேண்டாம்

பாளையங்கோட்டை,
ஆடி 12

அன்புள்ள சங்கரலிங்கத்துக்கு,

உம் கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது, தென்காசியில் சாரல் விடாமல் விழுகிறது, துவைத்த துணி காயவில்லை என்று எழுதியிருந்தீர். இங்கே அதற்கு நேர்மாறு. ஆடிக்காற்றில் சன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் புழுதி. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிளையும் ஜாஸ் தட்டுகளையும் பற்றி நிறையக் கேட்டிருந்தீர். ப்ளூ நோட் கம்பெனியின் முதல் பதிப்பு ஒன்றை ஏலத்தில் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். வேண்டாம் வே. அந்தப் பணத்தில் நல்ல ஊசி, கழுவுகிற சாமான், உள்ளுறைகள், நாலைந்து நல்ல மறுபதிப்புகள் எல்லாமே வந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த இழுவை. 110 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தும் பாட்டு இழுக்கிறது, ட்ரம்பெட் தொண்டை கட்டினாற்போல் கேட்கிறது என்கிறீர். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பெல்ட் போட்டு ஏ.சி. மோட்டாரில் ஓடுகிற பழைய டர்ன்டேபிள் அந்த ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டியது 27.8-தான் வரும். சுருதியில் மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். மோட்டார் தண்டில் இருக்கிற சின்னக் கப்பியைக் கழற்றி, அதைவிட 1.2 மடங்கு விட்டமுள்ள 50 ஹெர்ட்ஸ் கப்பி போட்டால் சரியாகிவிடும். அந்த மாடலுக்குக் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். பெல்ட் உட்காருகிற இடம் நடுவில் லேசாகப் புடைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடும், இல்லாவிட்டால் பெல்ட் நழுவும். வேகத்தைச் சரிபார்க்க, சுற்றும்போது கோடுகள் நிற்பதுபோல் தெரிகிற ஸ்ட்ரோப் அட்டை போதும். 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ள வட்டத்தைப் பாரும், 216 கோடு உள்ளது அமெரிக்கக் கணக்கு. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தால்தான் கோடு நிற்பது தெரியும். இப்போதைய எல்.இ.டி. பல்பு பலவற்றில் தெரியாது.

அடுத்து ஊசி. பெட்டியோடு வந்த பழைய ஊசியை எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த வைர முனை பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும், செதுக்கின தட்டு திரும்பாது. கைக்கு அடக்கமான விலையில் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95.இ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி செருகின தலை, போடும். ஊசி தட்டில் அழுத்தும் பாரம் 2 கிராம், வெளியீடு 4 மில்லிவோல்ட். முனை நீள்வட்டம், ஆயுள் சுமார் 300 மணி நேரம். தினம் ஒரு தட்டு, அதாவது நாற்பது நிமிடம் என்று வைத்தால் ஒன்றேகால் வருடம் வரும். அதே உடலில் இன்னும் நுண்ணிய முனையுள்ள மைக்ரோலீனியர் ஊசியைப் பிறகு மாற்றிச் செருகலாம். விலை கூடத்தான், ஆனால் 1000 மணி நேரம் தாங்கும். தட்டின் கடைசி இரண்டு நிமிடத்தில் ட்ரம்பெட் கிழிவதும் நன்றாகக் குறையும். அந்தக் கிழிசல் எதனால் என்றால், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு 51 செ.மீ. தடம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும், உருண்டை முனையால் அதன் வளைவுகளுக்குள் போக முடியாது. ஜாஸ் கோஷ்டி பல சமயம் பக்கத்தின் முடிவில்தான் உச்சத்துக்கு ஏறும் என்பது நம் தலையெழுத்து.

மாட்டும்போது அவசரம் கூடாது. டர்ன்டேபிளைக் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துச் சமன்படுத்தும். கார்ட்ரிட்ஜுக்குப் போகும் நாலு வயரில் வெள்ளை இடதுக்கு, நீலம் அதன் கழித்தல், சிவப்பு வலதுக்கு, பச்சை அதன் கழித்தல். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வயர் மாறிப்போனால் பாட்டு நிற்காது, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் மட்டும் காணாமல் போகும். பலர் இதைத் தட்டின் குறை என்று நினைத்துக் கொள்கிறார்கள். கார்ட்ரிட்ஜைத் தளர்வாகத் திருகி, கோணம் பார்க்கிற அலைன்மென்ட் அட்டையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. என்ற இரண்டு புள்ளியிலும் அது கட்டத்துக்கு நேராக நிற்கும்வரை நகர்த்தி, பிறகு இறுக்கும். ஊசி தாங்கும் கை தட்டுக்கு இணையாக மிதக்கும்படி பின் எடையைத் திருகி, அங்கே டயலைச் சுழியில் வைத்து, 2 கிராமுக்குத் திருப்பும். டயலை அப்படியே நம்ப வேண்டாம். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும், அதில் தட்டின் உயரத்திலேயே வைத்து நிறுத்துப் பாரும். கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கிற ஆன்டி-ஸ்கேட்டையும் 2-இல் வையும். பாரத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தப்பு. ஒன்றரைக்குக் கீழே போனால் ஊசி பள்ளத்துக்குள் குதிக்கும், அந்தக் குதிப்புதான் சுவரை உடைக்கும். சூட்கேஸ் மாதிரி விற்கிற மலிவுப் பெட்டிகள் பல 5 கிராம் வரை அழுத்தும். அதில் நல்ல தட்டைப் போடவே கூடாது.

ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதின துளை இல்லாவிட்டால் தனி ஃபோனோ ப்ரீ-ஆம்ப் வேண்டும். தட்டு வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலியை 20 டெசிபல் வரை குறைத்து, மேல்சுருதி ஒலியை அதே அளவு கூட்டி வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்வது ப்ரீ-ஆம்ப் வேலை. இல்லாமல் போட்டால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். இரண்டு தடவை போட்டால் காதை அடைக்கும். ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் எர்த் வயரைப் பாரும்.

கழுவுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புழுதி மணல் கலந்தது, துணியால் உலரத் துடைத்தால் கீறல்தான் மிச்சம். போர்த் தண்ணீர் ஆகாது, காய்ந்ததும் உப்பு பள்ளத்துக்குள் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற சீல் வைத்த டிஸ்டில்டு வாட்டர் வாங்கும். 800 மி.லி.யுடன் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., வாசனை சேராத பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு. அதற்கு மேல் சொட்டினால் படலம் விழும். லேபிளில் படாமல் ஊற்றி, மென்மையான மயிர்த் தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றும், குறுக்கே இழுக்க வேண்டாம். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசும். இந்த அலசலை விடுகிறவர்களுக்குத்தான் ஊசி முனையில் வெள்ளைப் பசை சேரும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிமிர்த்தி வையும். ஃபேன் போடக் கூடாது, கழுவினதை எல்லாம் அது திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். காய்ந்த தட்டைப் பழைய காகித உறைக்குள் போட வேண்டாம். பாலித்தீன் படலம் வைத்த உள்ளுறை போதும். மெத்தென்ற பி.வி.சி. உறை நம் சூட்டில் கசிந்து தட்டில் மூட்டம் போடும்.

வைக்கிற இடம்: உள்ளளவு 33 செ.மீ. உயரமும் ஆழமும் உள்ள அலமாரி. தட்டு நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று படுத்தாலும் வளையும். முப்பது செ.மீ.க்கு ஒரு தடுப்பு வையும். நூறு தட்டு உறையோடு கால் குவிண்டாலைத் தாண்டும், மெல்லிய பலகை தாங்காது. உமக்குச் சாரல் மூன்று மாதம் என்பதால் மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஒரு சாண் இடைவெளி விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாரம் ஒரு நாள் அலமாரியைத் திறந்து வையும். இல்லாவிட்டால் உறையில் பூசணம் பூக்கும், அது தட்டுக்கும் இறங்கும். கீழ்த்தட்டு தரையைத் தொடக் கூடாது, கரையான் காகித உறையைத்தான் முதலில் தேடும். புதுத் தட்டின் மேல் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கை உடனே கிழித்துவிடும், அது சுருங்கித் தட்டை வளைக்கும். சித்திரையில் பாளைக்குக் காரில் எடுத்து வந்தால் சீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். மூடின கார் 60 டிகிரியை எளிதாகத் தொடும், தட்டு அப்பளமாகிவிடும்.

இனி எதை வாங்குவது. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிந்தது. பழைய பதிப்புக்காக அலைபவர்களுக்கு ஒரு சேதி. முதல் நாள் ஓடின டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய தட்டுகளில் முதல் பக்கம் முழுக்க சுருதி கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்தால் உமக்கே பிடிபடும். 1992-இல்தான் வேறு டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். திருத்தின பதிப்பையே வாங்கும். ‘ஸோ வாட்’ பாட்டை விரல் விட்டு எண்ணிக் கேளும். நாலு எண்ணிக்கை உள்ள ஆவர்த்தனம் 32. முதல் 16 நம் கரகரப்பிரியா சுரங்களில், அடுத்த 8 அதையே ஒரு சுரத்தானம் ஏற்றி, கடைசி 8 பழையபடி. ஒவ்வொருவர் தனி வாசிப்பும் இந்தக் கணக்கை விட்டு விலகாது. இது பிடிபட்டுவிட்டால் ஜாஸில் பாதி பயம் போய்விடும்.

பியானோகாரர் டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’டும் 1959-தான். ‘டேக் ஃபைவ்’ உமக்குத் தகிட-தக. ‘ப்ளூ ரோண்டோ’ தக-தக-தக-தகிட. இடையில் சாதாரண நாலுக்கு மாறும்போது தாளம் தவறாமல் போட்டுப் பாரும்.

இன்னொரு பியானோகாரர் பில் எவன்ஸின் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன அரங்கில் பதிந்தது. டபுள் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ ஜூலை 6-இல் கார் விபத்தில் போய்விட்டார். கழுவின தட்டா, கழுவாத தட்டா என்று சொல்ல இதைவிட நல்ல சோதனை கிடையாது. பால் மோஷியன் ட்ரம்மில் கம்பித் தூரிகையைத் தேய்க்கிற சத்தமும் அழுக்கின் சரசரப்பும் ஒரே இடத்தில் வந்து மோதும். தேய்ந்த ஊசியில் இரண்டும் ஒன்றாகிவிடும், நல்ல ஊசியில் பிரிந்து நிற்கும். நடுவில் கேட்கிற ‘டிங்’ தட்டின் கீறல் அல்ல. அரங்கில் கண்ணாடித் தம்ளர் மோதுகிறது. கீறலாயிருந்தால் 1.8 வினாடிக்கு ஒரு தடவை அச்சாகத் திரும்ப வரும்.

நம் பக்கம் உறவுள்ளதும் வேண்டுமென்றால், விநாயக்ராமின் கடம் உள்ள ‘சக்தி’ குழுவின் முதல் தட்டு. சாக்ஸபோன்காரர் சார்லி மரியானோ, பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்கஷன் என்ற தாளவாத்தியக் குழுவோடும் சேர்ந்து பதிந்த ‘ஜ்யோதி’யும் இருக்கிறது. இதில் என் ஓட்டு ‘ஜ்யோதி’க்குத்தான். சக்தியில் வேகம் பல இடங்களில் வித்தை காட்டுகிறது, இங்கே சாக்ஸ் பாட்டுக்கு வழிவிட்டு நிற்கும். காருகுறிச்சியாரின் நாகஸ்வரத்தில் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கேட்டுப் பழகின காதுக்கு இது உடனே ஒட்டும்.

ப்ளூ நோட் விஷயம். பழைய தட்டின் ஓட்ட முடிவில், லேபிளுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில், வான் கெல்டர் என்றோ ஆர்.வி.ஜி. என்றோ குறியிருக்கும். அது ஒலிப்பதிவாளர் பெயர்; ரூடி வான் கெல்டர் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தவர், 1959-இல் தனி ஸ்டுடியோ கட்டினார். பக்கத்தில் காது மாதிரி ஒரு முத்திரை இருந்தால் பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தினது, 1966 வரையிலானது. விலை ஏறுவது இந்தக் குறிகளுக்காக. ஆனால் அந்தக் காலத்தில் அதையெல்லாம் கனத்த பாரத்தில் மழுங்கின ஊசியால் ஓட்டியிருப்பார்கள். விற்பவர் வி.ஜி. ப்ளஸ், அதாவது மிக நல்ல நிலைக்கும் மேல், என்று எழுதினாலும் பள்ளத்தின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. நடுத்துளையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் நிறைய இருக்கிறதா என்று படம் கேளும். பக்கத்தின் கடைசி நிமிடத்தைப் பதிந்து அனுப்பச் சொல்லும். மழுப்பினால் விட்டுவிடும். ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசையில் 2019 முதல் கெவின் கிரே மூல டேப்பிலிருந்து வெட்டுகிற மறுபதிப்பு அதே இசையை அமைதியான தளத்தில் தரும்.

1957-க்கு முந்தின தட்டு பெரும்பாலும் மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஆம்ப்ளிஃபயரில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் போடும், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அடங்கும். ஸ்டீரியோ போலியாக ஏற்றின பழைய பதிப்புகளை வாங்கவே வேண்டாம்.

கடைசியாக, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டு ஏதாவது அகப்பட்டால் அது அரக்கு. மேலே சொன்ன ஆல்கஹால் கலவை ஒரு சொட்டும் படக் கூடாது, கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறே, மூன்று மில் தடிமன், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அமெரிக்க ஜாஸ் பியானோகாரர் டெடி வெதர்ஃபோர்டு நாற்பதுகளில் கல்கத்தாவில் இந்திய கொலம்பியாவுக்குப் பதிந்த பியானோ 78-கள் இருக்கின்றன. உம் பக்கத்துப் பழைய சாமான் கடையில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்து வையும்.

டர்ன்டேபிளின் மாடல் பெயரையும் மோட்டார் தண்டின் கனத்தையும் அடுத்த கடிதத்தில் எழுதும், கப்பிக்கு அளவு இங்கேயே போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
இசக்கிமுத்து